தங்கச்சிமடத்தில் வாங்கப்போகும் மனை மேல் வழக்கு இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்க்க முடியுமா?

முடியும், கட்டணமில்லை. வழக்கில் நீங்கள் தரப்பினராக இருக்க வேண்டியதுமில்லை. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் அரசின் இ-கோர்ட்ஸ் தளத்தில் தமிழ்நாடு, ராமநாதபுரம் மாவட்டம், அப்புறம் நீதிமன்ற வளாகம் என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண் தெரிந்தால் நேராக வழக்குக்கே போகலாம்.

அந்த எண் உங்களுக்குத் தெரியாதே! சர்வே எண் போட்டுத் தேடவும் வழியில்லை. அதனால் விற்பவர் பெயர், அவர் அப்பா, அண்ணன் தம்பி பெயர்களை, வழக்குப் பதிவான ஆண்டை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். முத்துவுக்கே இரண்டு மூன்று ஸ்பெல்லிங் உண்டு, எல்லாவற்றையும் பாருங்கள். நிலுவை, முடிந்தது இரண்டையும் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயிருந்தால் அதன் மதுரைக் கிளையில் தனியாகத் தேடணும்.

அந்தத் தளத்தில் பதிவிறக்கும் தீர்ப்பு படித்துப் பார்க்க மட்டும்தான். சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போடுங்கள்.