வாசகர் கேள்வி – பதில்: மொனொனோகேயின் இரும்பும் காடும்

ஹயாவோ மியாசாகி இயக்கி 1997இல் வெளிவந்த ‘பிரின்சஸ் மொனொனோகே’ என்ற ஜப்பானிய அனிமே திரைப்படத்தைப் பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளமையால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: கார்ட்டூன்தானே என்று நினைத்து ஒன்பது வயது மகளுக்கு இப்படத்தைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் போவதற்குள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிறுத்திவிட்டேன். மீண்டும் காட்டலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சகோதரி, நீங்கள் நிறுத்தியதே சரி. அமெரிக்காவில் இப்படத்துக்கு, பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விடயத்தில் பெற்றோர் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற தரச்சான்றிதழே வழங்கப்பட்டது. அம்பு பட்டுக் கைகளும் தலையும் அறுந்து விழும் காட்சிகள் இதில் உள்ளன. இப்போதைக்கு அதே இயக்குநரின் ‘மை நெய்பர் டொடோரோ’வைக் காட்டுங்கள், 1988இல் வந்த அந்தப் படத்தில் சண்டையே இல்லை.

மகள் பன்னிரண்டு வயதைத் தாண்டியதும் அருகில் அமர்ந்து மீண்டும் பாருங்கள். அவளைப் பயமுறுத்தியது, உடலெங்கும் கரிய புழுக்கள் நெளிய, காட்டின் மதிலை உடைத்துக்கொண்டு வரும் அந்த உருவமாகத்தான் இருக்க வேண்டும். அது பேயன்று, காட்டைக் காத்த ஒரு காட்டுப்பன்றித் தெய்வம். அது விழுந்து கிடக்கையில் ஊரின் மூதாட்டி அதன் முன் தலைவணங்கி, மேடு எழுப்பி வழிபடுவதாக வாக்களிக்கிறாள். பின்னர், அதன் உடலுக்குள் இருந்த இரும்புக் குண்டொன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டுகிறாள். அந்தக் குண்டைப் பார்த்த பிறகு பயம் போய் இரக்கம் வரும். கண்ணை மூடிக்கொண்ட பிள்ளைக்கு அந்த இரக்கம் கிடைக்காமல் போனதே என் கவலை.

கேள்வி: இரும்பு நகரின் தலைவி எபோஷி காட்டை அழிக்கிறாள், தெய்வங்களைச் சுடுகிறாள். ஆனாலும் அவளை வெறுக்க முடியவில்லை. அப்படியானால் இப்படத்தில் வில்லன் யார்?
– பல்கலைக்கழக மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, உங்களால் வெறுக்க முடியாமற்போனதற்குக் காரணமான காட்சி எதுவென்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அந்தப் பன்றித் தெய்வத்தின் சாபம் தொற்றிய வலக்கை தானாகவே வாளை நாடிச் செல்ல, இளவரசன் அஷிடகா எபோஷியைக் கொன்றுவிடுவானோ என்று நாம் அஞ்சுகிற அந்தக் கணத்தில், உடல் முழுதும் துணி சுற்றிப் படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவர் வாய் திறக்கிறார். எல்லோரும் ஒதுக்கிவைத்த தங்களை மனிதராக மதித்தவள் இவள் ஒருத்திதான் என்றும், அழுகிய தசையைக் கழுவித் துணி சுற்றியவளும் இவளே என்றும் அவர் சொல்கிறார். அவர்கள் தொழுநோயாளர். துப்பாக்கி செய்பவர்களும் அவர்களே. கருணையும் கொலைக்கருவியும் ஒரே அறைக்குள் இருக்கின்றன.

மியாசாகி தம் வீட்டுக்கு அருகில், தோக்கியோவின் ஓரத்தில் அமைந்திருந்த தொழுநோயாளர் காப்பகத்துக்குச் சென்றுவந்த அனுபவத்தைப் பின்னாளில் பொதுமேடையிலேயே பேசியிருக்கிறார். நோயாளரைப் பிரித்துவைக்க வழிசெய்த ஜப்பானியச் சட்டம் நீக்கப்பட்டது 1996இல், அதாவது படம் வெளிவருவதற்கு ஒரே ஓர் ஆண்டு முன்னர். கொழும்புவாசிகளான நமக்கு இது தூரத்துக் கதையன்று. களனி ஆற்றுக்கு அப்பால் ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் கட்டி முடித்த தொழுநோய் வைத்தியசாலையின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டிய வீடுகள் நம்மிடையே இருந்தன. அந்த நினைவோடு பார்க்கும்போது அம்முதியவரின் குரல் இன்னும் அருகில் கேட்கிறது.

வில்லனைத் தேட வேண்டாம். வெறுப்பு மறைக்காத கண்களால் நடப்பதைப் பார்த்துவா என்றே அஷிடகாவை மேற்கே அனுப்புகிறார்கள். பார்வையாளரிடமும் படம் கேட்பது அதைத்தான். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் படத்தின் பாதி நமக்குத் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: ஜப்பானிய மொழியில் சப்டைட்டிலுடன் பார்ப்பதா, ஆங்கிலக் குரலில் பார்ப்பதா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: ஜப்பானிய மொழியில். ஓநாய்த் தெய்வமான மோரோ ஒரு தாய். அவளுக்குக் குரல் கொடுத்தவரோ மிவா அகிஹிரோ என்ற ஆண் கலைஞர். அந்தக் கனத்த குரலில் தாய்மையும் மிரட்டலும் சேர்ந்து வருவதை ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

கேள்வி: பெண்கள் வரிசையாக நின்று துருத்தி மிதித்து இரும்பு உருக்கும் காட்சியை வியந்து பார்த்தேன். இது உண்மையான முறையா, கற்பனையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தெகிவளை

பதில்: ஐயா, முறை உண்மை; பெண்கள் கற்பனை. களிமண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறிமாறிக் கொட்டி, இடைவிடாது காற்றூட்டி உருக்கும் இந்த முறைக்குத் ‘தத்தாரா’ என்று பெயர். வாள் செய்வோரின் உருக்குத் தேவைக்காக ஷிமானே மாநிலத்தில் 1977இல் இது மீண்டும் தொடங்கப்பட்டது. ஆனால் பழைய உலைக்களங்களுக்குள் பெண்கள் வரலாகாது என்ற விலக்கு இருந்தது. மியாசாகி அதை அறிந்தே, விற்கப்பட்ட பெண்களை எபோஷி மீட்டுவந்து துருத்தியில் நிறுத்தியதாகக் காட்டுகிறார். பாடிக்கொண்டே பலகையை மிதிக்கும் அந்தக் கால்களைக் கவனியுங்கள். உடலின் முழுப் பாரமும் குதிகாலில் இறங்குவதைக் கையால் வரைந்தே காட்டியிருக்கிறார்கள்.

தமிழாசிரியர் பலருக்கு இந்த இடத்தில் குறுந்தொகை 172 நினைவுக்கு வரக்கூடும். ஏழு ஊர்களின் வேலைக்கென ஓர் ஊரில் அமைத்த உலையின் ‘மிதிதோல்’ போலத் தன் நெஞ்சு ஓய்வறியாது வருந்துகிறது என்று கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடுகிறார். காலால் மிதிக்கும் துருத்தியின் அயர்ச்சியை ஒரு பெண் தன் நெஞ்சுக்கு உவமையாக்கியது தமிழில் ஏற்கனவே நடந்திருக்கிறது.

நம் நாட்டிலும், சமனலவெவப் பகுதியின் மேற்குச் சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தியின் வேலையைச் செய்யும்படி அமைக்கப்பட்ட பழைய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் அகழ்ந்தெடுத்துள்ளனர். காற்று இலவசமாகக் கிடைத்தாலும் கரி அப்படிக் கிடைப்பதில்லை. இரும்பு கேட்ட இடமெல்லாம் மரமும் கேட்டது. படத்தின் சண்டை முழுவதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: இறுதியில் மலை மீண்டும் பச்சையாகிறது. ஆனாலும் மனம் ஏன் நிறையவில்லை?
– இல்லத்தரசி, பம்பலப்பிட்டி

பதில்: ஓநாய்த் தெய்வம் மோரோ வளர்த்த மனிதப் பெண்ணான சானின் மனமும் நிறையவில்லை என்பதனால்தான். மரம் திரும்ப வளர்ந்தாலும் இது இனி காட்டுத் தெய்வத்தின் காடு அன்று என்று அவள் சொல்கிறாள். மனிதரை மன்னிக்கவும் அவளால் இயலவில்லை. அஷிடகாவும் அவளை வற்புறுத்துவதில்லை. அவன் இரும்பு நகரிலும் அவள் காட்டிலுமாக வாழ்வதென்றே பிரிகிறார்கள். முளைத்திருப்பது வெளிச்சமான புல்வெளி. அழிந்ததோ, பாசி படர்ந்து ஒளி சொட்டுச் சொட்டாக இறங்கிய பெருங்காடு. அந்தப் பெருங்காட்டை வரைவதற்காக ஓவியர்கள் யாக்குஷிமா தீவுக்குச் சென்று பார்த்து வந்தார்கள். சிங்கராஜ வனத்துக்குள் ஒருமுறையேனும் நடந்தவர்களுக்கு இரண்டுக்குமுள்ள வேறுபாடு உடனே தெரியும்.

அடுத்த முறை பார்க்கும்போது, பெயர்கள் ஓடத் தொடங்கும்வரை எழுந்துவிடாதீர்கள். முன்பு நூற்றுக்கணக்கில் மரங்களில் அமர்ந்திருந்த கொடாமா என்ற சிறு வெள்ளை மர ஆவிகளில் ஒன்றே ஒன்று, பட்ட மரங்களுக்கிடையே தனியாக நடந்து வந்து, தலையைத் திருப்பிக் கடகடவென்று ஒலி எழுப்புகிறது.