சனிக்கிழமை மூட்டை கட்டும் வீடு

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "அக்கா, நானும் கணவரும் ஒடிசா மலைப்பகுதி ஊழியத்துக்குத் தேர்வாகியிருக்கிறோம். பணம் கொடுத்து எங்களைத் தாங்கும் சபைகளையும் குடும்பங்களையும் 10 மாதத்துக்குள் நாங்களே சேர்க்க வேண்டும் என்று எங்களை அனுப்பும் மிஷனெரி சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். 4 மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மூட்டை கட்டிக் கிளம்புகிறோம். மகன் நான்காம் வகுப்பு. திங்கட்கிழமை ஆனால் வகுப்பில் தூங்குகிறான். மகளுக்கு மூன்றரை வயது. வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்திலேயே இல்லை. தேவையான தொகையில் பாதிகூடச் சேரவில்லை. பயணத்தையும் வீட்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது? போகிற இடத்தில் ராகி, புளி என்று மூட்டையாகக் கொடுக்கிறார்கள். அதை என்ன செய்வது என்றுகூடத் தெரியவில்லை."

தங்கச்சி, வகுப்பில் தூங்கும் உங்கள் மகன்தான் முதலில் என் கண்ணில் பட்டான். அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

நாங்களும் இப்படிப் புறப்பட்ட குடும்பம்தான். தர்மபுரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு 9 மாதம் சபை சபையாகப் போனோம். பிறகு 16 வருடம் வடக்கே பணித்தளத்தில் இருந்தோம். இப்போது புறப்படப் போகும் குடும்பங்களோடு உட்கார்ந்து பயணத் திட்டமும் வீட்டுக் கணக்கும் போட்டுக் கொடுக்கிறேன். அந்த 9 மாதத்தில் பெரியவனுக்கு 6 வயது. ஒரு சபையில் அவனை நாற்காலி மேல் நிற்க வைத்து வசனம் சொல்லச் சொன்னார்கள். சொன்னான், எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் போன இடமெல்லாம் நாங்களே அவனை நிற்க வைக்க ஆரம்பித்துவிட்டோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவன் செருப்பைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தது. "செருப்பு இல்லன்னா நான் வர வேணாம்ல?" என்று கேட்டான். அன்றைக்கு நான் அவனோடு வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவர் மட்டும் போய் வந்தார். அந்த ஞாயிறு கிடைத்த ஆதரவு மற்ற ஞாயிறுகளைவிடக் குறைந்துவிடவில்லை.

ஆகவே முதல் யோசனை: மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் பயணம். மீதி இரண்டு ஞாயிறு கிருஷ்ணகிரியில், உங்கள் சொந்தச் சபையில், உங்கள் சொந்த அடுப்பில். மீதமுள்ள 6 மாதத்தில் 26 ஞாயிறு வரும். அதில் 13 போதும். பயமாக இருக்கும், தெரியும். பாதிகூடச் சேரவில்லை என்கிறேன், இந்த அக்கா போகிற நாளைக் குறைக்கச் சொல்கிறாரே என்று தோன்றும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 4 மாதத்தில் ஏறக்குறைய 17 சபைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் எத்தனை சபைக்கு இரண்டாவது முறை போனீர்கள்? எத்தனை பேருக்குக் கடிதம் போட்டீர்கள்? நான் பார்த்த அளவில் ஒரு குடும்பம் கேட்ட அன்றே முடிவு எடுப்பது அபூர்வம். வீட்டில் பேசுவார்கள், மாதச் செலவைப் பார்ப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். மூன்று வாரம் கழித்து உங்கள் கணவர் போன் செய்து, "அன்னிக்கு ஆப்பரேஷன்னு சொன்னீங்களே, அம்மா எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தால் எல்லாம் திரும்ப ஞாபகம் வரும். உங்களுக்குச் சேராத மீதிப் பாதி அந்த 17 சபைகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 13 பயண ஞாயிறுகளில் 6, 7 ஞாயிறு அவர்களிடமே திரும்பப் போங்கள்.

பெரிய சபை ஒன்று மொத்தமாகத் தாங்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மாதம் 500 ரூபாய் தருகிற 40 குடும்பம் என்றால் 20,000 ரூபாய். அதில் ஒரு குடும்பத்துக்கு வேலை போனாலும் உங்களுக்கு 500தான் குறையும். ஒரே சபை 20,000 தந்து, அங்கே கமிட்டி மாறினால், ஒரே நாளில் எல்லாம் நின்றுவிடும்.

பயணத்துக்கு வருகிறேன். நீங்கள் இருக்கும் ஊர் இந்த வேலைக்கு நல்ல ஊர். தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் ஓசூர், மறு பக்கம் தர்மபுரி, இரண்டும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பலாம், ராத்தங்கல் தேவையில்லை. ஓசூரை விட்டுவிடாதீர்கள். தொழிற்சாலை வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே உண்டு. மிஷனெரிக்காக வீட்டில் கைப்பிடி அரிசி எடுத்து வைத்த அம்மாக்களின் பிள்ளைகள் அவர்கள். ஊழியம் என்றால் என்ன, தாங்குவது என்றால் என்ன என்று அவர்களுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனையில் 10 நிமிடம் கிடைப்பதைவிட, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்களில் ஒரு வீட்டுக் கூடத்தில் 8 பேரோடு உட்காருவது பலன் தரும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இரவுக் கூட்டம் வைத்தால் பைக்கில் திரும்பாதீர்கள். யானை நடமாட்டம் உள்ள காட்டுச் சாலை அது. அங்கேயே தங்கி விடிந்ததும் வாருங்கள். சேலம் பக்கம் கூப்பிட்டால் தொப்பூர் கணவாயைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பைக்கில் கடக்கும் எண்ணமே வேண்டாம். பஸ்ஸில் போங்கள்.

தெற்கே திருநெல்வேலி, நாகர்கோவில் போயாக வேண்டும் என்றால் அதை ஞாயிறு ஞாயிறாக உடைக்காதீர்கள். காலாண்டு விடுமுறையிலோ அரையாண்டு விடுமுறையிலோ ஒரே தடவையாக 8, 9 நாள் வையுங்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. பெங்களூரிலிருந்து நாகர்கோவில் போகும் எக்ஸ்பிரஸ் ஓசூர், தர்மபுரி வழியாக வரும். தர்மபுரியில் ஏறினால் இரவெல்லாம் படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் இறங்கலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். 5 வயதுக்குக் கீழே உள்ள மகளுக்கு டிக்கெட் வேண்டாம். மகனுக்கு அரை டிக்கெட் எடுத்தால் படுக்கை கிடைக்காது, படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். முழுக் கட்டணத்தையே கொடுங்கள். இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அங்கே போனதும் ஒரே வீட்டில் தங்கி, அங்கிருந்து சுற்றியுள்ள சபைகளுக்குப் போய் வாருங்கள். இரவுக்கு ஒரு வீடு மாறினால் சின்னப் பிள்ளை மூன்றாம் நாளே காய்ச்சலில் படுத்துவிடும்.

பிள்ளைகளை மேடையேற்றாதீர்கள் என்று இனி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகன் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு கீழே உட்கார்ந்து விளையாடட்டும். நீங்களும் அப்படித்தான். "சிஸ்டர் ஒரு பாட்டு பாடுங்க" என்று ஒலிபெருக்கியைக் கையில் கொடுப்பார்கள். மனதிருந்தால் பாடுங்கள். இல்லாவிட்டால், "இன்னிக்கு அவர் பேசட்டும் ஐயா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தனியே உங்களிடம் வந்து பேசும் பெண்களோடு ஐந்து நிமிடம் நின்று பேசுங்கள். அது பாட்டைவிட நீண்ட நாள் நிற்கும்.

மகனின் படிப்பைப் பற்றிக் கிளம்புகிற மாதத்தில் யோசிக்காமல் இப்போதே முடிவெடுங்கள். பணித்தளத்துக்குப் பக்கத்துப் பள்ளி என்றால் ஒடியாவோ இந்தியோ அவன் புதிதாகப் படிக்க வேண்டும். விடுதிப் பள்ளி என்றால், திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் மிஷனெரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சந்தோஷ வித்யாலயாவைப் போன்ற இடத்தை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், அவனையும் கூட்டிக்கொண்டு. எதுவானாலும் அந்தச் செலவைச் சேர்த்துத்தான் உங்கள் மாதத் தேவையைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சொல்லக் கூச்சப்பட்டு, பிறகு கடன் வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். இன்னொன்று: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்கு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காக வேறு அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கை மறுக்கக் கூடாது. நடுவருடத்தில் கிளம்ப நேர்ந்தால் இது உதவும்.

பணத்தை எப்படிக் கையாள்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டு நிம்மதி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மாதக் காணிக்கையை உங்கள் சொந்த ஜிபேக்கு வாங்காதீர்கள். சங்கத்தின் கணக்குக்கே போகட்டும், ரசீது அங்கிருந்தே வரட்டும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் அன்பளிப்பாக வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். 500, 1,000 என்று வருவது எப்போது அந்தக் கோட்டைத் தாண்டியது என்று உங்களுக்கே தெரியாது. நன்கொடைக்கு வரிச்சலுகை கேட்பவர்களுக்கு உங்களால் ரசீது தர முடியாது. அந்த அங்கீகாரம் உள்ள நிறுவனம்தான் தர முடியும். அதிலும் ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் சலுகை. சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் நண்பர் உதவ முன்வந்தால் முதலில் கேட்க வேண்டியது அவர் எந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருக்கிறார் என்பதை. இந்தியக் குடிமகனாகவே இருந்து சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், அவர் தமிழரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஊழியத்துக்கான அந்தப் பணத்தை நீங்கள் தனியாக வாங்கவே கூடாது. அந்த நண்பரையே சங்க அலுவலகத்தோடு பேசச் சொல்லுங்கள்.

கையில் தருகிற பயணக் காணிக்கைக்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தேதி, ஊர், யார் கொடுத்தார்கள், எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு. எழுதுவது ஒருவர், பார்த்துக் கையெழுத்துப் போடுவது மற்றவர். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோன பவுலே தனியாகப் போகாமல், யாரும் குறை சொல்லாதபடி மற்ற சகோதரரையும் சேர்த்துக்கொண்டார் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 8ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம்.

கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது என்று உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. 1903இல் திருநெல்வேலியில் இந்தியன் மிஷனெரி சொசைட்டியைத் தொடங்கியவர்களில் முன்னணியில் நின்றவர் அசரியா. பிறகு தோர்ணக்கல் பேராயரானவர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், நம் மக்களே நம் பணத்தில் ஆளனுப்ப வேண்டும் என்று துணிந்தவர்கள் அவர்கள். வெள்ளாளன்விளை மாதிரி கிராமங்களில் பிறந்தவர்கள். அந்த வரிசையில்தான் நீங்கள் நின்று கேட்கிறீர்கள். மாதம் எவ்வளவு தேவை, எதற்கு என்று நேராகச் சொல்லுங்கள். அழ வைக்க முயல வேண்டாம். நீங்கள் போகப் போகிற மலை மக்களை இரங்கத்தக்கவர்களாகக் காட்டும் படங்களைத் திரையில் போட வேண்டாம், நாளைக்கு அவர்கள் உங்கள் அண்டை வீட்டுக்காரர்கள். அவர்களின் பெயரும் முகமும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அவர்களுக்கும் நல்லதல்ல.

சரி, வீடு. திங்கட்கிழமையை வீட்டுக்கு என்று கட்டிவிடுங்கள். பயண ஞாயிறில் சாயங்காலம் 6 மணிக்குள் வீட்டில் இருப்பது போலக் கூட்டத்தை ஒப்புக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு வீட்டு ஜெபம் என்று கூப்பிட்டால், "பையனுக்கு நாளைக்கு ஸ்கூல்" என்று சொல்லலாம். அது போதுமான காரணம். திங்கள் காலை பயணப் பை கதவோரம் கிடக்கக் கூடாது. துணியைத் துவைத்து, பையை அலமாரி மேல் ஏற்றிவிடுங்கள். கண்ணில் பையே பட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு இது வீடு என்ற எண்ணமே வராது. அன்று இரவு யாரையும் கூப்பிடாமல், நீங்கள் நான்கு பேர் மட்டும் குடும்ப ஜெபம், சாப்பாடு, பாய்.

போகும்போது குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். பல் முளைக்கும் வயதில் உள்ள பிள்ளைகளுக்கு ஒகேனக்கல் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுங்கள்.

கடைசியாக அந்த மூட்டைகள். மறுக்காதீர்கள். பணமாகத் தர முடியாதவர்கள் தங்கள் வயலில் இருந்து தந்தது அது. நோட்டில் காணிக்கைப் பக்கத்திலேயே "ராகி, 10 கிலோ" என்று கொடுத்தவர் பெயரோடு எழுதுங்கள். களி கிண்டிய அன்று அந்த வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் ராகியைத்தான் இன்று சாப்பிட்டோம் என்று சொல்லுங்கள். ராகி காய்ந்திருந்தால் வருடக்கணக்கில் கெடாது. புளியைக் கொட்டை எடுத்து, கல்லுப்புத் தூவி, மண்பானையில் அழுத்தி வையுங்கள். அதிகமாக இருந்தால் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம். ஒடிசாவுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். கோராபுட் பக்கத்து மலைகளில் புளி ஏராளம், மலைமக்களே பொறுக்கிச் சந்தையில் விற்கிறார்கள். ராகியும் அங்கே விளைகிறது, மண்டியா என்பார்கள். மகனுக்கு இப்போதே அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுங்கள்.