சேமிப்பு இருந்தாலும் அம்மாவுக்குப் பராமரிப்பு இலவசம்தான்

கிளாஸ்கோவில் தனியாக இருக்கும் 78 வயது அம்மாவுக்குக் குளிக்க, உடுத்த ஆள் வேண்டும், ஆனால் வங்கியில் சேமிப்பு இருப்பதால் உதவி கிடைக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சேமிப்பைப் பார்ப்பது இங்கிலாந்தில். ஸ்காட்லாந்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, தேவை என்று கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) மதிப்பிட்டால், 2002 முதலே இந்தப் பராமரிப்பு இலவசம். சாப்பாடு செய்து தருவதும் சேரும். வீடு கூட்டுவது, கடைக்குப் போவது சேராது. அதற்குக் கட்டணம் கேட்கலாம்.

கவுன்சிலின் சோஷியல் வொர்க் பிரிவுக்கு போன் செய்து மதிப்பீடு கேளுங்கள். அவர்கள் வரும் நாளில் நீங்களும் கூடவே இருங்கள். நம் அம்மாக்கள் வந்தவர்களிடம் 'எல்லாம் நானே பார்த்துக்குவேன்' என்று சொல்லிவிடுவார்கள். குளியல் தொட்டிக்குள் கால் தூக்கி வைக்க முடியவில்லை என்றால் அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அப்புறம், பென்ஷன் ஏஜ் டிசபிலிட்டி பேமென்ட் என்ற உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். அதற்கும் சேமிப்பு தடையில்லை.