விரல் ஓடுகிறது, காது எங்கே?

கேள்வி: ஏழு வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். வேகமான சோலோக்களைக்கூட ஒரு நோட்டு விடாமல் வாசித்துவிடுவேன். ஆனால் கேட்பவர்கள் 'நல்லா வாசிக்கறே' என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். பெரிய கலைஞர்கள் சிலர் என்னைவிட மெதுவாக வாசித்தும் ஆளைக் கட்டிப்போடுகிறார்கள். அவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது? அது பயிற்சியில் வருமா? தியரி படிக்க வேண்டுமா? விலை உயர்ந்த கிட்டார் வாங்கினால் மாறுமா?

பதில்: இந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்ததே நல்ல அறிகுறி. பலருக்கு வருவதே இல்லை. இன்னும் பத்து பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற வேகக் கணக்கு) கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று 'டிக் டிக்' என்று தாளம் காட்டும் மெட்ரோநோமை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

வேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1978-இல் வந்த தன் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் எடி வான் ஹேலன் ஒரு தனி வாசிப்பு வைத்திருந்தார். ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதைக் கேட்ட பிறகுதான் உலகெங்கும் கிட்டார் வாசிப்பவர்கள் வலது கையையும் இடது கை அழுத்தும் ஃப்ரெட்போர்டுக்குக் கொண்டுபோய், விரலால் தந்தியைத் தட்டி வாசிக்கும் டேப்பிங் பழக ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அதைவிட வேகமாக டேப்பிங் செய்ய எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனாலும் ஏன் அவரையே திரும்பப் போட்டுக் கேட்கிறோம்? பாடகர் பாடும்போது பின்னால் அவர் வாசிக்கும் ரிதத்தைக் கவனியுங்கள். அந்த ஆட்டத்தை யாரும் சரியாக நகலெடுத்து நான் கேட்டதில்லை.

ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கை எடுத்துக்கொள்வோம். தனக்கு கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிப்பது) வாசிக்க வராது என்று வெளிப்படையாகச் சொன்னவர். பாடும்போது கிட்டாரைத் தொட மாட்டார், கிட்டார் பேசும்போது பாட மாட்டார். உறவினரான புக்கா வைட், தந்திமேல் வழுக்கும் ஸ்லைடு என்ற குழாயைப் போட்டு இழுத்து வாசிக்கும் நாதம் அவருக்குள் தங்கிவிட்டது. தனக்கு ஸ்லைடு கைவரவில்லை. அந்த நாதத்தை எப்படியாவது எழுப்ப வேண்டும் என்று, அழுத்திய விரலை அப்படியே வைத்துக்கொண்டு மணிக்கட்டிலிருந்து கையை ஆட்டிப் பார்த்தார். அவருடைய பெயர் பெற்ற வைப்ரட்டோ, அதாவது ஸ்வரத்தின் அந்த அசைவு, அப்படித்தான் வந்தது. அந்த ஒற்றை ஸ்வரத்தைக் கேட்டாலே அவர்தான் என்று தெரிந்துவிடும்.

இதில் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். நாதம் முதலில் காதில் இருந்தது. கை அதைத் தேடிக்கொண்டு போனது. நான் இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் புரிந்த விஷயம் இந்த ஒன்றுதான். பெரிய கலைஞர்களுக்குக் காது முன்னே போகிறது, விரல் பின்னால் வருகிறது. நமக்கெல்லாம் பெரும்பாலும் விரல் பழகிய தடத்தில் ஓடிவிடும், காது மூச்சிரைத்துக்கொண்டு பின்னால் வரும்.

விரல் குறைந்தாலும் கலை குறையாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928-இல் கேரவனில் பற்றிய தீயில் சிக்கினார். இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சரியாக இயங்காமல் போயின. மற்ற இரண்டு விரல்களால் அவர் வாசித்த சோலோக்களை நான்கு விரலும் உள்ளவர்கள் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்கள். பிளாக் சப்பாத் இசைக்குழுவின் டோனி அயோமிக்கு இரும்புத் தகடு ஆலையில் இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக்கை உருக்கி உறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் கனத்த நாதத்தில் அதற்கும் பங்கு உண்டு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு சோதனை. நீங்களாக ஒரு சோலோ வாசிக்கும்போது, அடுத்து வரப்போகும் நான்கு ஸ்வரங்களை வாயால் முனக முடிகிறதா? முடியவில்லை என்றால் உங்களை ஓட்டுவது ஸ்கேலின் (ஸ்வர வரிசையின்) வடிவம். ஐந்து ஸ்வரங்கள் கொண்ட பென்டடானிக் ஸ்கேலின் பெட்டி போன்ற கட்டங்களில் விரல் தானாக ஏறி இறங்குகிறது. கேட்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனால் இவர் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். தினமும் பத்து நிமிடம், முதலில் ஒரு சின்ன வரியைப் பாடிவிட்டு அப்புறம் அதையே வாசியுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. பாடினால் மூச்சு தீரும் இடத்தில் வரியும் நிற்கும். உங்கள் சோலோக்களில் இப்போது இல்லாத இடைவெளி அப்படித்தான் உள்ளே வரும்.

அடுத்தது பெண்டிங், அதாவது தந்தியைத் தள்ளிச் சுருதியை ஏற்றுவது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டாவது தந்தியில் பத்தாவது ஃப்ரெட்டை (கழுத்தில் பதித்த உலோகக் கோடுகளில் பத்தாவது) அழுத்தி அடித்து, நாதம் அடங்கும்வரை கேளுங்கள். இப்போது அதே தந்தியில் எட்டாவது ஃப்ரெட்டில் மோதிர விரலை வையுங்கள். நடு விரலும் ஆள்காட்டி விரலும் அதே தந்தியில் பின்னால் முட்டுக் கொடுக்கட்டும். தந்தியைத் தள்ளி, சற்று முன் கேட்ட ஸ்வரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பத்தாவது ஃப்ரெட்டை மறுபடி அடித்து ஒப்பிடுங்கள். அநேகமாக ஒரு முடியளவு கீழேயே நின்றிருப்பீர்கள். அந்த முடியளவில்தான் கேட்பவரின் கவனம் நழுவுகிறது. சரியான இடத்துக்கு வந்தபின் அங்கேயே வைப்ரட்டோ கொடுங்கள். கொஞ்சம் தளர்த்தி மறுபடி ஏற்றினால், ஒவ்வொரு முறையும் அதே சுருதிக்குத் திரும்ப வேண்டும். பதற்றத்தில் நடுங்குவது போல வேகமாக ஆட்டாமல், பாட்டின் தாளத்தோடு பொருந்த ஆட்டுங்கள். இந்த ஒரு ஸ்வரத்துக்கே ஒரு மாதம் ஒதுக்கலாம். போரடிக்கும்தான்.

இதோடு, வாசிக்காத தந்திகளை ஊமையாக்கப் பழகுங்கள். வலது உள்ளங்கையின் ஓரம் கீழ் ஸ்தாயித் தந்திகளையும், இடது ஆள்காட்டி விரல் மற்றவற்றையும் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இனி தாளம். ஃப்ரெடி கிரீன் என்று ஒருவர். கவுண்ட் பேஸியின் ஜாஸ் இசைக்குழுவில் 1937-இல் சேர்ந்து, 1987-இல் இறக்கும்வரை ரிதம் கிட்டார் வாசித்தவர். ஆம்ப் (ஒலிபெருக்கி) கிடையாது. சோலோ என்று அவர் வாசித்தது அபூர்வம். ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நான்கு அடி, அவ்வளவுதான் வேலை. அத்தனை பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே அவரைத் தனியாகக் கேட்பதே கஷ்டம், ஆனால் மொத்தக் குழுவும் சாய்ந்திருந்தது அந்த நான்கு அடிமேல்தான். மகா கலைஞர்கள் பட்டியலில் இவரைச் சேர்க்காதவர்களோடு நான் வாதாடுவதுண்டு.

மெட்ரோநோமை 50-இல் வையுங்கள். அந்த 'டிக்'கை ஒன்று, இரண்டு என்று எண்ணாதீர்கள். இரண்டாவது, நான்காவது அடியாக எண்ணுங்கள். பாட்டின் வேகம் இப்போது 100. முதல் அடியும் மூன்றாவது அடியும் உங்கள் பொறுப்பு. இரண்டே இரண்டு கார்டுகளை ஐந்து நிமிடம் வாசியுங்கள். பிடிபட்டதும் 30-க்கு இறக்கி, ஒவ்வொரு டிக்கும் நான்காவது அடி மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 120 ஆகிவிடும், மற்ற மூன்று அடிக்கும் துணை கிடையாது. நான் முதன்முதலில் இதைச் செய்து பதிவுபண்ணிக் கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது. எனக்குத் தாளம் நிற்கும் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கார்டு மாற்றத்திலும் ஒரு நூலளவு முந்தியிருக்கிறேன்.

தியரி படியுங்கள், கெடுதலில்லை. ஜாஸ் கிட்டார் மேதை வெஸ் மான்ட்கோமரிக்கு ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரியாது என்பதைச் சாக்காகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர் ஜாஸ் கிட்டார் முன்னோடி சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டவர். அந்தக் காது இருந்தால் தியரியைத் தள்ளிப்போடலாம்.

கேட்பதைப் பற்றி இன்னொன்று: கிட்டாரை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஜாங்கோவை உலுக்கியது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட் இசைத்தட்டுகள். சாக்ஸபோன், வயலின், பாட்டு என எதிலிருந்தாவது ஒரு வரியை எடுத்துக் கிட்டாரில் கொண்டுவாருங்கள். விரல் பழகிய தடம் அங்கே உதவாது என்பதால் காது வேலை செய்தே ஆக வேண்டும்.

இதெல்லாம் செய்தால் மகா கலைஞர் ஆகிவிடுவீர்களா என்றால், அந்த உத்தரவாதம் என்னிடம் இல்லை. உங்கள் வாசிப்பைக் கேட்பவர் பேச்சை நிறுத்துவாரா என்றால், பெரும்பாலும் நிறுத்துவார்.

புதுக் கிட்டாரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கையில் இருப்பதில் தந்தியை மாற்றி ட்யூன் செய்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் அழுத்தாமல் லேசாகத் தொட்டு அடித்தால் வரும் ஹார்மோனிக் நாதத்தையும் அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் நாதத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜில் அந்தத் தந்தி அமரும் சிறு தாங்கியான சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைவாகக் காட்டினால் முன்னுக்கு. ஆறு தந்தியும் ஒத்துவந்த பிறகு மேலே சொன்ன பெண்டிங் பயிற்சியைத் தொடங்குங்கள். கிட்டாரே சுருதி தப்பினால் தவறு கையில் இருக்கிறதா கருவியில் இருக்கிறதா என்று உங்கள் காதால் சொல்ல முடியாது.