சொந்த நூலில் ஒரு ரகம்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகளைப் பற்றிச் சோமனூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "புள்ளை எந்நேரமும் பெயிண்டும் பிரஷுமாவே இருக்குதுங்க, இதை நிறுத்தறதா, இல்ல இதுலயே படிக்க வெச்சிரலாமான்னு தெரியலைங்க" என்று முடித்திருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெற்றோர் பலரும் இந்த இரண்டு வழிகளுக்கு நடுவில்தான் தவிக்கிறார்கள். நம் கொங்குப் பகுதியில் ஒரு கைத்திறன் கண்ணில் பட்டவுடன் அதை வைத்து என்ன சம்பாதிக்கலாம் என்ற கணக்கு மனத்தில் ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கை நான் குறைத்துப் பேச மாட்டேன், இங்கே மில்லும் பம்பு செட்டும் பனியனும் அதனால்தான் வந்தன. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒரே முடிச்சாக விழுந்திருக்கின்றன. மகள் ஓவியம் வரையலாமா என்பது ஒன்று. எதைப் படித்து எதில் பிழைப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இன்றே பதில் சொல்லிவிடலாம்: வரையட்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேட இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது, அதற்குள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் சில இருக்கின்றன.

நீங்கள் விசைத்தறிக்காரர் என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது எனக்கு எளிது. கூலிக்கு நெய்யும்போது பாவும் ஊடையும் ஜவுளிக்காரர் கொடுப்பவை, என்ன ரகம் என்பதும் அவர் சொல்வது. உங்கள் திறமை முழுவதும் அந்தத் துணியில் இறங்கினாலும், அது உங்கள் விருப்பத்தில் பிறந்த துணி ஆகாது. ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோரின் அன்றாடம் இப்படித்தான் கழிகிறது. புத்தக அட்டைக்குப் படம் வரைபவரும், விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பவரும், பனியன் கம்பெனிக்குப் பிரிண்ட் டிசைன் போடுபவரும் பிறர் கேட்டதை, பிறர் குறித்த நாளுக்குள், பிறர் சொன்னபடி நான்கைந்து முறை மாற்றி மாற்றி வரைந்து கொடுக்கிறார்கள். இதில் இழிவு எதுவும் இல்லை, நல்ல வருமானமும் மதிப்பும் உண்டு. இருந்தாலும், உங்கள் மகள் இப்போது மாலை நேரத்தில் செய்துகொண்டிருப்பது சொந்த நூல் வாங்கிச் சொந்த ரகம் ஓட்டுவது. கூலி நெசவும் அவளுக்குப் பிடிக்குமா என்பதை அவளுடைய கைத்திறனை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

சொல்லக்கூடிய வழி ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. உறவில் வரும் ஏதாவது ஒரு விசேஷத்துக்கு அழைப்பிதழின் முகப்பை வரைந்து தரும்படி அவளிடம் கேளுங்கள். அத்தை ஒருவர் வந்து, மயில் வேண்டும், ஆனால் இந்த நீலம் வேண்டாம், பிள்ளையார் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று சொல்லட்டும். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாளையும் குறித்துவிடுங்கள். இப்படி மூன்று வேலைகள் ஆன பிறகு, படம் எவ்வளவு அழகாக வந்தது என்பதைப் பார்ப்பதைவிட, இரண்டாவது முறை திருத்தச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதைப் பாருங்கள். திருத்தங்களை ஒரு புதிராக எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பும் பிள்ளைகளை வடிவமைப்புப் படிப்புக்குத் தயங்காமல் அனுப்பலாம். வேண்டா வெறுப்பாகச் செய்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தன் படத்துக்கே திரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திறமை குறைவு என்று அதற்குப் பொருளில்லை. அவர்களுக்கு வேறொரு வேலை சோறு போட வேண்டும், ஓவியம் ஓவியமாகவே இருக்க வேண்டும்.

அப்படி வாழ்ந்த ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம் அல்லவா, அந்த அசல் மான்செஸ்டர்க்காரர் அவர். எல். எஸ். லவ்ரி என்ற அந்த ஓவியர் 1887இல் பிறந்தார். ஒரு சொத்து நிறுவனத்தில் வீட்டு வாடகை வசூலிப்பவராகச் சேர்ந்து 1952இல் 65ஆம் வயதில் ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தார். 1905 முதல் மான்செஸ்டர் ஓவியப் பள்ளியின் மாலை வகுப்புகளில் படித்தார், இரவில் வரைந்தார். பஞ்சாலைப் புகைபோக்கிகள், ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டம், குனிந்து நடக்கும் குச்சி போன்ற மனிதர்கள் ஆகியவைதாம் அவருடைய படங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, ஒரு நீலம், ஒரு மஞ்சள்காவி என ஐந்து நிறங்களுக்கு மேல் அவர் தொட்டதில்லை. தெருத் தெருவாக வாடகைக்கு நடந்தபோது கண்ட காட்சிகளே அவருக்குப் பொருளாயின. ஆகவே அந்த வேலை ஓவியத்திடமிருந்து நேரத்தைத் திருடியது என்றும் சொல்ல முடியவில்லை. 2022இல் அவருடைய கால்பந்துக் கூட்டப் படம் ஒன்று ஏலத்தில் ஏறத்தாழ 78 இலட்சம் பவுண்டுக்குப் போனது. ஆனால் நான் அவரை நினைவூட்டுவது அந்தத் தொகைக்காக அன்று. தாம் வேலைக்குப் போகிறவர் என்பது தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஓவியர் என்று தம்மை ஒதுக்கிவிடுவார்கள் எனப் பயந்து, அந்த வேலையைப் பற்றி அவர் வாய் திறக்காமலே இருந்தார். பொழுதுபோக்காக வரைபவர் என்ற பெயர் அவரையே அவ்வளவு உறுத்தியது என்றால், பதினாறு வயதுப் பெண்ணிடம் "இது வெறும் பொழுதுபோக்குத்தானே" என்று சொல்லும்போது அந்த "வெறும்" எப்படிப் போய் விழும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான கதை நம் நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளைக்குப் பிழைப்பாக இருந்தது ஓவியம். உருவப்படங்கள் எழுதிச் சம்பாதித்தார். பெயர் வாங்கித் தந்தது கவிதை. கோயில் சிற்பங்களைக் கோட்டோவியமாக வரைந்து தள்ளிய ஓவியர் சில்பியும் நாமக்கல்காரர்தாம்; சென்னை ஓவியப் பள்ளிக்குப் போய்ப் படிக்கும்படி அவரைத் தூண்டியவர் அதே கவிஞர். ஓவியத்தில் பிழைக்க முடியாது என்று நம் ஊரில் சொல்பவர்களுக்கு இந்த இருவரையும் சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொள்வது வழக்கம்.

இனி, உங்கள் கடிதத்தில் பாதியை எடுத்துக்கொண்ட அந்த வருத்தத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் மகள் முருகனும் மயிலும் அழகாக வரைந்தாள், இப்போது கோணல் முகங்களும் அழுக்கு நிறத் திட்டுகளுமாக வரைகிறாள், வீட்டுக்கு வருபவர்களிடம் காட்டவே கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் ரசனையில் குறை ஒன்றும் இல்லை. நாம் பூஜை அறையில் பார்த்து வளர்ந்த படங்களுக்குப் பின்னே இரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகமும், கோவில்பட்டியில் இருந்து காலண்டர்களுக்கு வரைந்த கொண்டையராஜு போன்றவர்களின் அசாத்தியமான பயிற்சியும் இருக்கின்றன. அவற்றை விரும்புவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை; என் வீட்டிலும் அந்தப் படங்கள்தாம் மாட்டியிருக்கின்றன, அரூப ஓவியங்களுக்கு முன்னால் நின்று நேரம் போதாமல் தவித்தேன் என்று பொய் சொல்ல எனக்கும் வராது. ஆனால் அந்த ரசனையை மதிப்பெண் போடும் கோலாக்கிவிடாதீர்கள். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியை வரிசையாகக் கோட்டோவியங்களில் வரைந்து புகழ்பெற்ற கே. எம். ஆதிமூலம், பின்னாளில் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்குப் போனார். கை தளர்ந்து அவர் அங்கே போகவில்லை, கண் வேறொன்றைத் தேடியதால் போனார்.

சொல்லப்போனால், மகளின் ரசனை எனக்கு அவளுடைய திறமையைவிடப் பயனுள்ள தகவல். அவள் எவ்வளவு நன்றாக வரைகிறாள் என்பதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எதைத் திரும்பத் திரும்ப வரைகிறாள் என்பதை எழுதவில்லை. முகங்களிலேயே சுற்றுகிறாளா? பக்கம் முழுவதும் ஒரே உருவை மாற்றி மாற்றி அடுக்குகிறாளா? உருவத்தைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு நிறங்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறாளா? முகம் வரைபவர்களுக்குக் கதைப்படமும் அனிமேஷனும், அடுக்குபவர்களுக்குத் துணி வடிவமைப்பும், நிறத்தில் மூழ்குபவர்களுக்கு வேறு சிலவும் பொருந்தி வருவதைப் பார்த்திருக்கிறேன். இதை ஜாதகம் பார்ப்பதுபோல் எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த ஆண்டே மாறலாம். கைப்பேசியில் ஓடும் படங்களைப் பார்த்து வந்த விருப்பமா, தானாக வந்ததா என்பதையும் பிரித்தறிய வேண்டும். அதற்கு அசல் ஓவியங்களைக் காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை, ஏனென்றால் உள்ளங்கை அகலத் திரையில் படத்தின் அளவும் தெரியாது, வண்ணத்தின் தடிப்பும் தெரியாது. அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்கு ஒரு விடுமுறை நாளில் அழைத்துப் போங்கள். அப்படியே பேரூர்க் கனகசபைத் தூண்களையும் காட்டுங்கள். எது பிடித்தது என்று மட்டும் கேளுங்கள், ஏன் என்று அன்றைக்கே கேட்க வேண்டாம்.

நிறத்தைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள திருப்பூரில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆர்டர் ஓடுவதற்கு முன்னால் சாயமேற்றிய சிறு துண்டை, அதாவது லேப் டிப்பை, துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பி ஷேடு, அதாவது நிறச்சாயல், ஒப்புதல் வாங்குவார்கள். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் கடையின் விளக்கில் வேறு வேறாகத் தெரிந்துவிடக்கூடும் என்பதால், பல விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். அளக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனாலும் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று சொல்லும் ஒரு கண் அங்கே தேவைப்படுகிறது. நிறங்களைப் பிரித்தறியும் கண்ணைச் சோதிக்க, 85 வண்ண வில்லைகளை நிற வரிசையில் அடுக்கச் சொல்லும் தேர்வு ஒன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. சாம்பலுக்குள் நான்கு சாம்பல் பார்க்கும் பெண் வணிகவியல் படித்துவிட்டு, ஆர்டர்களை வாங்கி முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசராகப் போனால்கூட, அவளுடைய ஓவியப் பழக்கம் அங்கே வீணாகாது. நீங்கள் அழுக்கு என்று எழுதியிருக்கும் அந்த நிறங்களை எனக்குப் பார்க்க வேண்டும்.

படிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கும் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியிலும் நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. என்ற கவின் கலை இளங்கலைப் படிப்பு இருக்கிறது, வரைந்து காட்டும் நுழைவுத் தேர்வு உண்டு. வடிவமைப்புக்கு நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு ஆகிய வழிகள் உள்ளன. கட்டடக் கலையை மறந்துவிடுங்கள், அவள் எடுத்திருக்கும் பிரிவில் கணிதம் இல்லை. ஓவிய ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்ற இரு நிலைகளையும் எழுதி வைப்பது நல்லது. அந்த எண்ணம் இல்லாவிட்டாலும் பார்த்து வரையும் கட்டுப்பாடு அதில் பழகும். எந்தக் கல்லூரி எந்தப் பாடப்பிரிவைக் கேட்கிறது என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பேட்டில் மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள், பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த ஆண்டின் விதி இப்போது இருக்காது.

பொதுத்தேர்வு ஆண்டில் வரைவதை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேரத்தைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். மதிப்பெண் குறைந்தால் பிரஷைப் பிடுங்கி வைப்பது, கூடினால் திருப்பிக் கொடுப்பது என்ற ஏற்பாடு மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்த வீடுகளில் பிள்ளைகள் இரண்டையும் வெறுத்ததைத்தான் நான் கண்டேன்.

செலவு பற்றி: அறுபது நிறப் பெட்டி தேவையில்லை. லவ்ரியின் ஐந்து நிறங்களை நினைத்துக்கொண்டு, மாணவர் தரத்தில் ஏழெட்டு நிறங்களும், இரண்டு நல்ல பிரஷ்களும் வாங்கிக் கொடுங்கள். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள் காகிதம். வாட்டர்கலருக்கு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள காகிதம் இல்லையென்றால் ஈரம் பட்டதும் அலை அலையாகச் சுருண்டு, தவறு தன் கையில் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அக்ரிலிக் வரைவதாக இருந்தால் கேன்வாஸுக்கும் கடைக்குப் போக வேண்டாம். உங்கள் தறியில் ஓடும் காடாத் துணியில் கனமான ரகமாகப் பார்த்து இரண்டு மீட்டர் கொடுத்து, மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வெள்ளைப் பிரைமரை இரண்டு மூன்று பூச்சு பூசிக் காயவைத்தால் போதும். ஆயில் பெயிண்டை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். அது காய நாட்கணக்கில் ஆகும், வீட்டை ஒட்டியே தறிக்கூடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், பறக்கும் பஞ்சு முழுவதும் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் என்றால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதுவரை தறிக்கூடத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்தால் சரி. நேரில் வரும்போது அவள் வரைந்தவற்றில் பத்துப் பன்னிரண்டு எடுத்து வாருங்கள்; எவை என்பதை அவளே பொறுக்கட்டும், அவற்றில் அவளுக்கே பிடிக்காத இரண்டும் இருக்கட்டும்.