நாம் பார்ப்பதை மூளையிலுள்ள நரம்பு செல்கள் என்ன செய்கின்றன?

கண் கேமரா மாதிரி படம் பிடித்து அப்படியே மூளைக்கு அனுப்புகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நான் டாக்டர் இல்லை. ஆத்தங்குடியில் எங்களுக்கு டைல்ஸ் பட்டறை. என் இடது கண்ணின் புண்ணியத்தில் இதையெல்லாம் படிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் தொழில் கண்ணாடியில் தொடங்கும். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவோம். டைலின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது.

1958-ல் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசெல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் கைகொடுத்ததும் ஒரு கண்ணாடித் துண்டுதான். மயக்கம் கொடுத்த பூனையின் மூளையில், பார்வையைக் கவனிக்கும் பின்பக்கப் பகுதியில், ஒரே ஒரு செல்லின் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கரும்புள்ளி, ஒளிப்புள்ளி எதைக் காட்டினாலும் மணிக்கணக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. திரையில் ஒளி பாய்ச்சும் கருவியில், புள்ளி ஒட்டிய கண்ணாடியை மாற்றிச் செருகும்போது திடீரென்று படபடவென்று சத்தம். காரணம் புள்ளி இல்லை. கண்ணாடி விளிம்பின் நிழல் ஒரு சாய்கோடாகத் திரையில் நகர்ந்திருக்கிறது!

அதாவது, அந்தப் பகுதியில் ஒவ்வொரு செல்லுக்கும் பார்வையில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் தனக்குப் பிடித்த சாய்வில் ஒரு கோடு வந்தால் துடிக்கும். செங்குத்துக் கோட்டுக்குத் துடிக்கிற செல், கிடைக்கோட்டுக்கு வாய் திறக்காது. சில செல்களுக்குக் கோடு சரியான இடத்திலும் இருக்க வேண்டும்; சிலவற்றுக்குச் சாய்வு சரியாக இருந்தால் போதும், ஜன்னலுக்குள் எங்கே வந்தாலும் சரி. ஒரே பக்கமாக நகரும் கோட்டுக்கு மட்டும் துடிப்பவையும் உண்டு. எங்கள் டைலில் சிவப்பும் மஞ்சளும் சந்திக்கிற ஓரம்தான் இவற்றுக்குத் தீனி. நடுவிலுள்ள வெறும் சிவப்புக்கு அவ்வளவாக அசையாது. இந்தத் துண்டுத் துண்டான தகவல்களைச் சேர்த்து உருவம், முகம் என்று அடையாளம் காண்பது அடுத்தடுத்த பகுதிகளின் வேலை. இருவருக்கும் 1981-ல் நோபல் கிடைத்தது.

என் கதை அவர்களுடைய இன்னொரு சோதனையில் இருக்கிறது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில மாதங்களுக்கு மூடிவைத்துத் திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் அபூர்வமாகிவிட்டன. வளர்ந்த பூனைக்கு இப்படி ஆகவில்லை. எனக்கு யாரும் கண்ணை மூடவில்லை, இடது கண்ணில் பவர் அதிகம், அவ்வளவுதான். மங்கலாகவே பார்த்த அந்தக் கண்ணை மூளை கைவிட்டுவிட்டது. பள்ளியில் வந்த பரிசோதனையில் இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே படிக்கச் சொன்னார்கள், படித்துவிட்டேன். இருபத்தாறு வயதில் கண்ணாடி போட்டும் அந்தக் கண் தெளியவில்லை. இன்றும் வண்ணம் ஊற்றும்போது அச்சின் தகட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு சொட்டு விழும்.

தம்பி மகளுக்கு இதே குறையை நாலு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டோம். மங்கலான கண் பழகுவதற்காக, தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை மறைத்து ஒட்ட வேண்டும். அவள் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு வளவைச் சுற்றி ஓடுகிறாள், பின்னாலேயே அவள் அப்பத்தாவும்.