மொன்றியால் ராயல்ஸ்: எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வது?

வணக்கம். உங்கள் கட்டுரைக்காகத் தேடியபோது கனடாவின் மொன்றியால் ராயல்ஸ் பேஸ்பால் அணிக்கு 1897, 1928 என இரண்டு தொடக்க ஆண்டுகள் கிடைத்ததாகவும், அந்த அணியே பின்னர் அந்நகரின் மேஜர் லீக் (பேஸ்பாலின் உச்சநிலை லீக்) அணியான எக்ஸ்போஸ் ஆனதா என்பது விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு ஆண்டுகளும் சரியானவையே. 1897இல் தோன்றிய முதல் அணி 1917உடன் நின்றுவிட்டது. 1928இல் அதே பெயரில் மீண்டும் எழுந்து, டெலோரிமியே மைதானத்தில் ஆடி, பின்னர் நியூயார்க்கின் மேஜர் லீக் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு வீரர்களை வளர்த்துத் தரும் முதன்மைத் துணை அணியானதே நீங்கள் தேடும் அணி.

பின்னர் மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் அதில் ஆடியது 1946ஆம் ஆண்டு மட்டுமே. ஏப்ரல் 18 அன்று ஜெர்சி சிட்டியில் நடந்த முதல் ஆட்டத்தில் அவர் நான்கு ஹிட்கள் (பந்தை அடித்து, ஆட்டமிழக்காமல் தளத்தை எட்டுவது) அடித்தார். அவற்றுள் ஒன்று மூன்று ரன்களைத் தந்த ஹோம் ரன். ராயல்ஸ் 14-1 என வென்றது. அந்தப் பருவத்தில் .349 பேட்டிங் சராசரியுடன் லீக்கிலேயே முதலிடம் பெற்ற அவரை, லூயிவில் அணியை வீழ்த்திய இறுதித் தொடர் முடிந்ததும் ரசிகர்கள் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். உங்கள் கட்டுரையின் நடுப்பகுதி இதுவாகவே இருக்கலாம்.

1957 பருவத்துக்குப் பின் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பெயர்ந்தது. 1960உடன் ராயல்ஸின் கதையும் முடிந்து, அதன் உரிமம் சிரக்யூஸ் நகருக்குப் போனது. 1969இல் களமிறங்கிய எக்ஸ்போஸ் முற்றிலும் புதிய அணி. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்கும் மொன்றியால் ராயல்ஸுக்கும் பெயரளவில்தான் ஒற்றுமை.